ஒரே ஒரு தடவை எம்.பி.!

ஆபிரகாம் லிங்கன் என்றதும் அமெரிக்க ஜனாதிபதி என்பதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதற்கு முன்னால் அவர் நான்கு தடவை எம்.எல்.ஏ.; ஒரே ஒரு தடவை எம்.பி. அந்த எம்.பி. பதவி அவருக்குப் புகழ் தேடித் தரவில்லை. சொந்த ஊரில் கெட்ட பெயரைத்தான் வாங்கித் தந்தது. காரணம், அவர் கேட்ட ஒரு கேள்வி!

கடைக் குமாஸ்தா

பிழைப்புத் தேடி 1831-ல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நியூ சேலம் என்ற சிற்றூருக்கு வந்தார் லிங்கன். வயது 22. பள்ளியில் படித்தது மொத்தம் ஓராண்டு கூட இராது. முதலில் கடைக் குமாஸ்தா; பிறகு போஸ்ட் மாஸ்டர், சர்வேயர் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார்.

1832-ல் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். 1834-ல் வென்றார். அதன் பின் தொடர்ந்து மூன்று தேர்தல்களிலும் வெற்றி! இடையில் தாமாகவே சட்டம் படித்து வக்கீலும் ஆனார்.

அமெரிக்கப் பார்லிமெண்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர். அதன் பிரதிநிதிகள் சபைக்கு 1846-ல் விக் கட்சி சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1847 டிசம்பரில் பதவி ஏற்றார். வாஷிங்டனில் மற்ற சில எம்.பி.க்களுடன் ஒரு விடுதியில் தங்கினார். அன்று எம்.பி.க்குப் படி, நாளொன்றுக்கு 8 டாலர்.

எந்த இடம்?

அப்போது மெக்சிகோவுடன் போர் நடந்துகொண்டிருந்தது. "நம் மண்ணிலேயே நம்மவர் ரத்தம் சிந்தப்பட்டது" என்பது போருக்கு ஜனாதிபதி போல்க் கூறிய காரணம். ஆனால் அது இரு நாடுகளும் உரிமை கொண்டாடிய நிலம்.

பதவி ஏற்று மூன்று வாரம் ஆகவில்லை. லிங்கன் எழுந்தார். ரத்தம் சிந்திய இடம் எது, அது நம் மண்தானா என்று கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். போல்க் பதில் சொல்லவே இல்லை.

1848 ஜனவரியில், ஜனாதிபதி இந்தப் போரைத் தேவையின்றி, அரசியல் சட்டத்துக்கு விரோதமாகத் தொடங்கினார் என்ற திருத்தம் 85-க்கு 81 என்ற கணக்கில் நிறைவேறியது. அதை ஆதரித்து ஓட்டளித்தவர்களில் லிங்கனும் ஒருவர். ஆனால் களத்தில் நின்ற சிப்பாய்களுக்கு உணவும் தளவாடமும் அனுப்பப் பணம் கேட்டபோது, அதற்கும் ஆதரவாகவே ஓட்டுப் போட்டார்.

ஊரில் ஏளனம்

இல்லினாய்ஸிலோ போருக்குப் பலத்த ஆதரவு. ஆங்கிலத்தில் இடத்துக்கு 'ஸ்பாட்' என்று பெயர் அல்லவா? எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அவரை 'ஸ்பாட்டி லிங்கன்' என்று கேலி செய்தன. கூட்டு வக்கீலான ஹெர்ன்டனே, நீங்கள் செய்தது சரியல்ல என்று எழுதினார். பொய் என்று தெரிந்த ஒன்றுக்கு நீ ஓட்டுப் போடுவாயா என்று திருப்பிக் கேட்டார் லிங்கன்.

1848-ல் அவர் மீண்டும் நிற்கவில்லை. கட்சியில் ஆளுக்கொரு முறை என்று ஏற்பாடு. அடுத்து நின்ற அவர் கட்சிக்காரர் தோற்றார். லிங்கன் விரும்பிய நில இலாகாத் தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஆரிகன் பிரதேச கவர்னர் பதவி தேடி வந்தது; வேண்டாமென்று விட்டு, மறுபடி கோர்ட்டுக்கே போனார்.

மாறாத பதில்

அடிமை முறை புதிய பிரதேசங்களிலும் பரவ வழிசெய்யும் சட்டம் 1854-ல் வந்தது. அதுதான் அவரை மீண்டும் அரசியலுக்கு இழுத்தது. 1858-ல் செனட் பதவிக்குப் போட்டி. எதிர்த்து நின்ற டக்ளஸ், பழைய மெக்சிகோ விவகாரத்தை மேடையில் கிளறினார். லிங்கன் மழுப்பவில்லை, போரைத் தொடங்கியது தவறு என்றேன், சிப்பாய்க்கு உதவி மறுக்கவில்லை என்று அதையே சொன்னார். அந்தப் பதவி டக்ளசுக்கே போயிற்று.

இரண்டே ஆண்டில், 1860-ல், அதே டக்ளசையும் தோற்கடித்து ஜனாதிபதி ஆனார் அந்த ஒரு தடவை எம்.பி!