கழுவிய ரத்தமும் மீன் எண்ணெயும்

டயாலிசிஸ் மெஷினைப் பார்க்கிறவர்கள் எண்கள் ஓடும் திரையைத்தான் பார்ப்பார்கள். வேலை நடக்கும் இடம் அதுவல்ல. பக்கவாட்டில் மாட்டியிருக்கும், முழ நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழாய்தான் அங்கே சிறுநீரகம். அதற்குள் தலைமுடி போன்ற ஏறத்தாழ 10,000 இழைகள். ஒவ்வொன்றும் உள்ளே துளையுள்ளது. துளை வழியே ரத்தம் ஒரு திசையில் போகும். இழைகளைச் சுற்றி உப்புக் கரைசல் எதிர்த்திசையில், நிமிடத்துக்குச் சுமார் 500 மி.லி. ஓடும். நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர்!

இழைச் சுவரில் உள்ள நுண்துளைகளுக்கு நல்லது கெட்டது தெரியாது. யூரியாவும் பொட்டாசியமும் வெளியேறும் வழியிலேயே பி வைட்டமின்களும் வைட்டமின் சியும் கார்னிடின் என்ற சத்தும் போய்விடும். அதனால்தான் டயாலிசிஸ் முடிந்தபின் பி வைட்டமின் மாத்திரை போடச் சொல்கிறார்கள்.

டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் உடம்பில் சேரும் நீர் இதயத்துக்குச் சுமை. மிஞ்சும் பாஸ்பரஸ் ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிய வழிசெய்கிறது. மற்ற இதய நோயாளிகளுக்குக் கைகொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள்கூட, டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

சத்து மாத்திரைகளின் கதையும் அப்படித்தான். ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ரத்தத்தில் கூடினால் இதயத்துக்கு ஆகாது, ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அது குறையும் என்று ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 2,056 பேரிடம் இதைச் சோதித்தார்கள். டயாலிசிஸில் இருந்தவர்களும், முற்றிய சிறுநீரக நோயாளிகளும் அதில் இருந்தார்கள். ஃபோலிக் அமிலம் தினம் 40 மி.கி.; நம் மருந்துக் கடை 5 மி.கி. மாத்திரையில் எட்டு. கூடவே பி6, பி12. முடிவு 2007இல் வந்தது. ஹோமோசிஸ்டீன் இறங்கியது, சாவு குறையவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் சரியாகிவிட்டதென்று சந்தோஷப்படுகிற நம் எல்லோருக்கும் இது உறைக்க வேண்டும்.

ஆகவே 2025 நவம்பரில் மீன் எண்ணெய்ச் சோதனையின் முடிவு வந்தபோது எனக்கு நம்பிக்கையைவிடச் சந்தேகமே அதிகம் இருந்தது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 26 மையங்களில் 1,228 டயாலிசிஸ் நோயாளிகள். ஒரு பாதிக்குத் தினம் 4 கிராம் மீன் எண்ணெய். மறுபாதிக்கு அதே தோற்றத்தில் சோள எண்ணெய். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்றரை ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் சாவு போன்ற கடுமையான நிகழ்வுகள் மீன் எண்ணெய்க் குழுவில் 43 சதவீதம் குறைவு. பொதுமக்களிடம் நடந்த பெரிய சோதனைகள் பலவற்றில் சோபிக்காத அதே எண்ணெய்! மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் பொதுவாகவே குறைவு. வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைக்கு ஓடுமுன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சோதனையில் தினம் கிடைத்தது ஒமேகா-3 வகைகளான ஈ.பி.ஏ. 1.6 கிராம், டி.ஹெச்.ஏ. 0.8 கிராம். ‘1000 மி.கி.’ என்று கொட்டை எழுத்தில் போட்ட சாதாரண மாத்திரையில் இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 300 மி.கி.தான், அந்த அளவை எட்ட எட்டு மாத்திரை விழுங்க வேண்டும். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஏற்றுவதால் ரத்தக் கசிவையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இன்னொன்று: மீன் எண்ணெய் கேட்டால் சில கடைகளில் மீன் ஈரல் எண்ணெயை எடுத்து நீட்டுவார்கள். அதில் வைட்டமின் ஏ உண்டு. சிறுநீரகம் செயலிழந்த உடம்பில் அது சேர்ந்துகொண்டே போகும். அந்த 10,000 இழைகளாலும் அதை வெளியே எடுக்க முடியாது.