கைக்குள் ஒரு ரிக்கார்டிங் தியேட்டர்

தனித்தனித் தீவுகளாகக் கிடந்த இசைச் செயலிகளை ஒரு சிறு மென்பொருள் இணைத்தது. பலன் பெரிது. ஆனால் அது எல்லோருக்கும் கிடைக்கவில்லை, நிரந்தரமும் இல்லை.

பெங்களூருவின் ஜீவனஹள்ளியில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பக்கத்திலேயே பெங்களூரு கிழக்கு ரயில் நிலையம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இந்தச் சந்துகளில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய நினைப்பவர், ரயில் கடந்து போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். குக்கர் விசில் அடங்கவும் காத்திருக்க வேண்டும். ஸ்டுடியோவுக்கு வாடகை கொடுக்க வேண்டிய அவசியம் மட்டும் இப்போது இல்லை. மைக், கலவை மேஜை, டேப் எல்லாமே அவர் கையிலிருக்கும் ஃபோனுக்குள் வந்துவிட்டன.

பெரிய கூடத்திலிருந்து சின்ன அறைக்கு இசை இடம் பெயர்வது தமிழர்களுக்குப் புதிதல்ல. கோடம்பாக்கத்தில் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்த காலம் உண்டு. 1989ல் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992ல் ‘ரோஜா’ வந்தது. அடுத்த கட்டத்தில் கொல்லைப்புறமும் தேவைப்படவில்லை. அமெரிக்காவின் ஸ்டீவ் லேசி, கெண்ட்ரிக் லமாரின் 2017ஆம் ஆண்டு ஆல்பத்தில் இடம்பெற்ற ஒரு பாட்டுக்கான இசையைத் தன் ஐபோனிலேயே உருவாக்கினார்.

ஆனால் ஃபோனில் ஒரு சிக்கல் இருந்தது. சுருதிக்கு ஒரு செயலி, தாளத்துக்கு ஒன்று, குரலுக்கு எதிரொலி சேர்க்க வேறொன்று, பதிவுக்கு இன்னொன்று. பாதுகாப்புக் காரணங்களுக்காக ஆப்பிள் ஒவ்வொரு செயலியையும் தனி அறையில் பூட்டி வைத்திருந்தது. ஓர் அறையில் எழும் ஒலி அடுத்த அறைக்குப் போகாது. கோப்பாக மாற்றியோ, நகலெடுத்து ஒட்டியோதான் நகர்த்த வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் மைக்கேல் டைசன் என்ற மென்பொருள் வல்லுநர். 2012 டிசம்பரில் அவருடைய ‘ஆடியோபஸ்’ வெளியானது. திரையில் மூன்று கட்டங்கள்: ஒலி எங்கிருந்து வருகிறது, வழியில் என்ன மாற வேண்டும், எங்கே பதிவாக வேண்டும். மூன்றிலும் விருப்பமான செயலிகளை வைத்தால் போதும், ஒலி ஓடத் தொடங்கிவிடும். கேபிள் செய்த வேலையை மென்பொருள் செய்தது.

ஆப்பிள் சும்மா இருக்கவில்லை. 2013ல் ஐஓஎஸ் 7 உடன் ‘இன்டர்-ஆப் ஆடியோ’ என்ற தன் சொந்த இணைப்பைக் கொண்டுவந்தது. 2015ல் ஐஓஎஸ் 9 உடன் ‘ஆடியோ யூனிட்’ முறையின் புதிய வடிவம் வந்தது. இதில் ஒரு செயலி இன்னொன்றின் உள்ளேயே வந்து உட்காரும். இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்டுக்குள்ளும் அப்படி அழைத்து உட்கார வைக்கலாம்.

இணைப்பு கிடைத்ததும் முன்னால் வந்து நின்றது காலதாமதம். ஃபோன் ஒலியைத் துளித்துளியாக அல்ல, கைப்பிடி கைப்பிடியாகவே கையாளுகிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்து, 1,024 மாதிரிகள் சேர்ந்த பிறகுதான் அனுப்புவது என்று வைத்தால், அதற்கு மட்டுமே 21 மில்லி விநாடி ஆகும். அதற்குள் காற்றில் ஒலி ஏழு மீட்டர் கடந்துவிடும். பாடகருக்கு, மிருதங்கக்காரர் மேடையின் மறுகோடியில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். 256 மாதிரிகள் என்று குறைத்தால் தாமதம் ஐந்து மில்லி விநாடி அளவுக்கு வந்துவிடும். ஆனால் வேலைப்பளு தாங்காமல் பழைய ஃபோன்களில் ஒலி வெடித்து வெடித்துக் கேட்கும். எனவே பாடும்போது குறைத்தும், கலவை செய்யும்போது கூட்டியும் வைப்பது வழக்கம். ப்ளூடூத் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாடினால் இந்தக் கணக்கெல்லாம் வீண். அதன் தாமதம் 100 மில்லி விநாடியையும் சாதாரணமாகத் தாண்டும். ஒயர் வைத்த ஹெட்ஃபோனே உத்தமம்.

கர்நாடக இசைக்குத் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. கருவிகள் பேசிக்கொள்ளும் ‘மிடி’ மொழி 1983ல் பியானோ கட்டைகளை மனதில் வைத்து உருவானது. கமகமோ கட்டைகளுக்கு நடுவில் வாழ்வது. ஒவ்வொரு விரலின் வளைவையும் தனித்தனியே அனுப்பும் ‘எம்பிஇ’ முறை 2018ல் மிடி தரத்தில் சேர்ந்த பிறகு நிலைமை மாறியது. ஐபேடின் கண்ணாடியில் விரலை வழுக்கி ராகம் வாசிக்கும் மகேஷ் ராகவன், ‘ஜியோஷ்ரெட்’ செயலி மூலம் இது சாத்தியம் என்று காட்டியவர்.

இத்தனை வசதியும் ஆப்பிள் உலகத்தில்தான். இந்தியாவில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. அங்கே தாமதத்தைக் குறைக்கும் ‘ஏ-ஆடியோ’ 2017ல்தான் வந்தது. செயலிக்குள் செயலியை வைக்கும் பொதுவான முறை ஐபோனில் வேரூன்றிய அளவுக்கு அங்கே ஊன்றவில்லை. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கு எல்லாவற்றையும் தானே செய்யும் ஒற்றைச் செயலிதான் நடைமுறை வழி. ‘பேண்ட்லேப்’, ‘எஃப்எல் ஸ்டுடியோ மொபைல்’ போன்றவை அந்த வகை. பாட்டு முடிந்துவிடும், பிடித்த கருவியைப் பிடித்த இடத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் சுதந்திரம் மட்டும் குறையும்.

ஐபோன் வைத்திருப்பவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2013ல் கொண்டுவந்த இன்டர்-ஆப் ஆடியோவை 2019ல் ஆப்பிளே கைவிடப்போவதாக அறிவித்தது. ஆறே ஆண்டுகள்! இணைப்பை நம்பிச் சேமித்த பாட்டு, ஒரு செயலி மறைந்தாலும் ஊமையாகிவிடும். இதற்கு எளிய காப்பு உண்டு. சுருதி, தாளம், குரல் என ஒவ்வொரு தடத்தையும் முதலிலிருந்து கடைசிவரை தனித்தனி ‘வேவ்’ கோப்பாக மாற்றி, ஃபோனுக்கு வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். எந்தச் செயலியும் அதைத் திறக்கும்.

1979ல் பெங்களூருவின் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ்நாராயண், சென்னை மியூசிக் அகாடமி மாநாட்டில் மின்னணு சுருதிப் பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். ஒரு பெட்டி, ஒரே வேலை. அந்த வேலையை இன்று ஃபோனின் ஒரு மூலையில் ஒரு செயலி செய்கிறது. ரயில் சத்தத்தைக் குறைக்கும் செயலிகளும் வந்துவிட்டன. இருந்தாலும் ஜீவனஹள்ளியில் ரயில் போன பிறகு பாடுவதே நல்லது.