ரெண்டு பேர் எழுதுற வீட்டுக் கணக்கு: பேலன்ஸ் ஏன் ஒத்துப்போக மாட்டேங்குது?

கணவன், மனைவி ரெண்டு பேரும் சேர்ந்து எக்செல்ல வீட்டுக் கணக்கு எழுதுறீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான். எங்க வீட்டுல இதனாலயே ஒரு தடவை இஎம்ஐ பவுன்ஸ் ஆச்சு.

ஜாயின்ட் அக்கவுண்ட்ல 42,000 ரூபாய் இருக்குன்னு என் லேப்டாப் ஃபைல் காட்டிச்சு. இஎம்ஐ 12,500 போனாலும் மிச்சம் இருக்கும்னு நம்பி, 20,000-ஐ மியூச்சுவல் ஃபண்டுல போட்டேன். ஆனா முந்தின வாரமே மனைவி ஸ்கூல் ஃபீஸ் 14,000 கட்டியிருந்தாங்க. ஆக, நிஜமா மிச்சம் இருந்தது 8,000 தான். பேங்க் பவுன்ஸ் சார்ஜ் 500, 18% ஜிஎஸ்டியோட 590 ரூபாய். லோன் கொடுத்தவங்க போட்ட அபராதம் தனி.

"அன்னைக்கே எழுதிட்டேனேங்க!"ன்னாங்க. எழுதியிருந்தாங்கதான், அவங்க போன்ல இருந்த ஃபைல்ல.

அது நான் வாட்ஸ்அப்ல அனுப்பின ஃபைல். அனுப்பின நிமிஷமே அது தனிப் பிரதி. அதுல என்ன எழுதினாலும் என் லேப்டாப்புக்கு வராது. எக்செல்ல 'வியூ' போய் 'நியூ விண்டோ' கொடுத்துப் பாருங்க. ஒரே ஃபைல் ரெண்டு விண்டோல திறக்கும், ஒண்ணுல மாத்தினா இன்னொண்ணுலயும் உடனே மாறும். ஏன்னா விண்டோதான் ரெண்டு, டேட்டா ஒண்ணு.

வெவ்வேறு போன்லயும் இதே மாதிரி வேணும்னா, கூகுள் ஷீட்ஸ்ல ஒரே ஃபைலை எடிட் பண்ற அனுமதியோட ஷேர் பண்ணுங்க. நெட் இருந்தா சில நொடியில மாற்றம் தெரியும். 'மேக் எ காப்பி' மட்டும் கொடுத்துடாதீங்க, திரும்பவும் ரெண்டு ஃபைல் ஆயிடும்.

இங்கயும் ஒரு சிக்கல் இருக்கு. நெட் இல்லாத நேரத்துல ரெண்டு பேரும் ஒரே பேலன்ஸ் கட்டத்தை மாத்தினா, நெட் வந்ததும் ஒருத்தர் எழுதினதுமேல இன்னொருத்தரோடது உட்கார்ந்துடும். அதனால பேலன்ஸை யாரும் கையால எழுதவே கூடாது. ஒரே ஃபைலுக்குள்ள ஆளுக்கு ஒரு ஷீட், ஒவ்வொரு செலவுக்கும் புது வரி. மூணாவது ஷீட்ல ஃபார்முலா மொத்தத்தையும் கழிச்சு மீதியைக் காட்டட்டும். நாங்க இப்போ இப்படித்தான் எழுதுறோம்.

அப்புறம், காலையில திறந்து வச்ச நெட் பேங்கிங் பக்கம் காட்டுறது காலை பேலன்ஸ். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரிஃப்ரெஷ் பண்ணிடுங்க. இந்த மூணு ஷீட்டை எப்படிப் போடுறதுன்னு வீடியோல செஞ்சே காட்டியிருக்கேன்.