எந்தக் கதவைத் தட்டுவது?

ஐக்கிய அமெரிக்காவில், உலோகத்துக்கு முலாம் பூசும் சிறு பட்டறைக்காரர் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். தமது கழிவுநீரில் நஞ்சு கலப்பதை அவர் அறிவார். குறைக்கும் வழியை அறியார். கேட்கலாமெனில், ஆலோசனை கூற வருபவரே அபராதம் விதிப்பவராகவும் இருந்துவிட்டால்? இவ்வச்சத்தை வீண் என்று நாம் சொல்லமாட்டோம்.

மின்னெசோட்டாச் சர்வகலாசாலையில் 1984-ம் ஆண்டு தோன்றிய உதவி நிலையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. கேட்டவரின் இரகசியத்தையும் அது காக்கும். கோடை விடுமுறையில் மாணவரையே தொழிற்சாலைகளுக்கு அனுப்பி, கழிவு பிறக்கும் இடத்தை ஆராயச் செய்கிறது. (நம் மாணவர் கவனிக்க!) 1990-ம் ஆண்டின் மாசுத்தடுப்புச் சட்டம், மாநிலங்கள் இத்தகைய உதவிக்குச் செய்யும் செலவிற் பாதி வரை மத்திய அரசு தரவும், தகவல்களை ஒருங்கே திரட்டவும் வழி செய்தது.

உதவுவோர் பலராயினர். எவர் எங்குள்ளார் என்பதை அறிவிக்க, வட்டார நிலையங்கள் கூடிப் பொது விபரத்திரட்டொன்றைத் தொகுத்தன. அதில் பெயரும் விலாசமும் மட்டும் போதா. எத்தொழிலுக்கு உதவுவர், கட்டணம் உண்டா, இரகசியம் காப்பரா என்பனவும் வேண்டும். தத்தம் குறிப்பை அவரவரே ஆண்டுதோறும் திருத்துதல் அதனினும் முக்கியம். நிதி நின்றால் நிலையம் மூடப்படும். திரட்டிலோ அதன் பெயர் நிற்கும். நமது பட்டறைக்காரர் ஒருநாள் துணிந்து தொலைபேசியில் அழைக்கிறார், எடுப்பாரில்லை. மறுமுறை அவர் எவரையும் அழைக்கமாட்டார்.