பொட்டலத்து மாவும் வயிற்றுக் கோளாறும்

அமராவதி ஆற்றின் பாசனத்தில் செழிக்கும் கொமரலிங்கம், நெல்வயல்கள் சூழ்ந்த ஊர். சோறும் இட்டலியும் அங்கே நாள்தோறும் உண்ணும் உணவு. ஆயினும் அவ்வூர்ச் சிறுவன் பன்னையும் ரஸ்க்கையும் கேக்கையும் அறியாதவன் அல்லன். அங்கே ஒரு வீட்டை மனத்திற்கொள்வோம். அவ்வீட்டுச் சிறுவனுக்குச் சீலியாக் நோய் இருப்பதாக மருத்துவர் சோதித்துக் கூறிவிட்டார். கோதுமை வீட்டை விட்டு அகன்றது; சிறுவனும் தேறி வந்தான். அவனுடைய பிறந்தநாள் வந்தது. பிள்ளை ஏங்கிவிடக் கூடாதே என்று, ‘குளூட்டன் இல்லாதது’ என அச்சிட்ட கேக் மாவுப் பொட்டலம் ஒன்றைத் தாய் வரவழைத்தாள். அன்றிரவே சிறுவனுக்கு வயிறு உப்பி வலித்தது. “கோதுமையே இல்லாத மாவும் ஒவ்வவில்லையே! அப்படியானால் மருத்துவர் சொன்னதே பிழையோ?” என்று வீட்டார் கலங்கினர். இத்தகைய கலக்கம் இன்று பல வீடுகளில் எழக்கூடியது. அதன் காரணத்தை ஆராய்வோம்.

கோதுமை மாவைப் பிசைந்து நீரில் கழுவக் கழுவ, மாவுச்சத்து கரைந்தோடி, இழுத்தால் நீளும் பசை ஒன்று எஞ்சும். அப்பசையே குளூட்டன் என்னும் புரதம். பரோட்டா மாவு வீச வீசத் துணிபோல் விரிவதும், ரொட்டி உப்பி நிற்பதும் அதனாலேயே. பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இவ்வினப் புரதங்கள் உண்டு. சீலியாக் நோயுடையார் இதனை உண்டால், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற உறுப்புகள் தேய்கின்றன. அதன் விளைவாக வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் தோன்றுகின்றன. குழந்தைகளின் வளர்ச்சியும் குன்றுகிறது. கோதுமையே இந்நோயைத் தூண்டுகிறது என்பதை நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார்.

தென்னாட்டில் இந்நோய் அரிது. 2016-இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு, 23,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்து, வடக்கே ஆயிரம் பேரில் எட்டுப் பேருக்கு மேல் இந்நோய் உண்டென்றும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவென்றும் கண்டது. தென்னாட்டார் உண்ணும் கோதுமை மிகக் குறைவு என்பதையும் அவ்வாய்வு சுட்டிற்று. எனினும் அரிது என்பதற்கு இல்லை என்பது பொருளன்று.

இனி அப்பொட்டலத்துக்கு வருவோம். ‘குளூட்டன் இல்லாதது’ என்னும் சொல் எது நீக்கப்பட்டது என்பதை மட்டுமே கூறுகிறது. அவ்விடத்தில் எது புகுந்தது என்பதைக் கூறுவதில்லை. குளூட்டன் செய்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டுமன்றோ? அதற்காகக் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினையும், நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆக்கப்படும் சாந்தன் பிசினையும், இசப்கோல் உமியையும் சேர்க்கின்றனர். சிலவற்றில் கடலை மாவு, சோயா மாவு, பால்பொடி ஆகியனவும் கலந்திருக்கும். பிசினையும் பருப்பு மாவையும் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. பழக்கமில்லாத வயிறு உப்புகிறது. குடல் புண்பட்டு இன்னும் முற்றும் ஆறாதவருக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. ஆதலால் பால்பொடியும் வலியைத் தரலாம்.

வேறொரு வழியும் உண்டு. அது கலப்படமன்று, கலப்பு. கோதுமை அரைத்த இயந்திரத்தில் அடுத்து அரிசி மாவு அரைத்தால், எஞ்சிய கோதுமைத் துகள் அதில் சேர்ந்துவிடும். ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படாதிருந்தால்தான் அதனைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கலாம் என்பது நம் நாட்டு விதி. பொட்டலத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு இருக்க, ஊர் மாவு மில்லுக்கு அது ஏது? ஆகவே கேழ்வரகையும் கம்பையும் வீட்டிலேயே தனியாக அரைத்துக்கொள்வது நன்று. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்வதுண்டு என்பதையும் இல்லத்தரசியர் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒவ்வாமை என்பது இன்னும் வேறு. உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உடலில் தடிப்பும், உதட்டில் வீக்கமும், மூச்சுத் திணறலும் தோன்றினால், அது சோயாவுக்கோ பாலுக்கோ கடலைக்கோ உரிய ஒவ்வாமையாகலாம். அந்நிலையில் கைவைத்தியம் பார்த்துக் காலம் கழிக்காது உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அவ்வீட்டார் செய்ய வேண்டுவது யாது? பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்து, அதனை எடுத்துவைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். உண்டதையும் உண்ட நேரத்தையும் வலி வந்த நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். பொட்டலம் ஒவ்வவில்லை என்பதற்காக மீண்டும் கோதுமைக்குத் திரும்புவது பெரும் பிழை. குடல் மறுபடியும் புண்படும். எல்லா உணவையும் அஞ்சி ஒதுக்குவதும் அதற்குக் குறையாத பிழை. வளரும் பிள்ளை மெலிந்துபோவான். இன்னும் சோதனை செய்துகொள்ளாதவர் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது. கோதுமை உண்டுவரும் காலத்தில்தான் இரத்தச் சோதனையும் குடல் திசுச் சோதனையும் உண்மையைக் காட்டும்.

நம் இட்டலியைப் பாருங்கள். அதில் குளூட்டனும் இல்லை. கடையில் வாங்கிய பிசினும் இல்லை. உளுந்தின் வழவழப்பே வாயுவைப் பிடித்து நிறுத்தி அதனை உப்பச் செய்கிறது. வயல் தரும் நெல்லும் வீட்டு உரலில் ஆட்டிய உளுந்தும் இருக்க, பிறந்தநாளுக்குத் தாய் வெல்லமும் தேங்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்த இனிப்பு ஒன்றைச் செய்து தரலாம். அதில் என்னென்ன சேர்ந்தன என்பதை அவளே அறிவாள். பொட்டலத்தின் முகப்பில் இல்லாத அந்த அறிவே பிள்ளைக்கு உற்ற காவல்.