நெல் இங்கே விளைகிறது, பெறுமதி எங்கே சேர்கிறது?

இலங்கை மத்திய வங்கி வெளியிடும் மாகாண உற்பத்தி அட்டவணையில் மேல் மாகாணத்தின் பங்கு அண்மை ஆண்டுகளில் 40 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. கிழக்கின் பங்கு 5 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் 28.7 சதவீதத்தினர் மேல் மாகாணத்திலும் 7.6 சதவீதத்தினர் கிழக்கிலும் இருந்தார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்குரிய உற்பத்தி மேல் மாகாணத்தில் கிழக்கைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியானால் கிழக்கில், அட்டாளைச்சேனை வயல் வட்டையில் வெயிலில் நிற்கும் விவசாயி, கொழும்பு ஊழியரின் பாதியளவுதான் உழைக்கிறாரா?

முதலில், எதால் வகுத்தோம்? கைக்குழந்தையும் மூத்தவர்களும் சேர்ந்த மொத்தத் தலைகளால். உழைப்பின் திறனை அறிய வேலை செய்வோரால் வகுக்க வேண்டும். வேலை நேரத்தால் வகுப்பது அதைவிட நல்லது. கிழக்கில் சம்பள வேலைக்குப் போகும் பெண்கள் குறைவு என்பதால் அந்தக் கணக்கில் இடைவெளி குறையும். தொழிற்படை மதிப்பீட்டிலோ வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் தொழில் புரிபவரே. அந்த வாரத்தில் ஓரிரு நாள் களை பிடுங்கியவரும், ஆறு நாளும் கடையில் நின்றவரும் அங்கே ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள்.

அடுத்தது, பெறுமதி எந்த ஊரில் பதிவாகிறது என்பது. எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இதுதான். அம்பாறைக் களத்தில் விற்ற நெல்லுக்கு, பசளை, விதை, இயந்திரக் கூலி போக மிஞ்சுவதே நெற்செய்கையின் பெறுமதியாகக் கிழக்கின் கணக்கில் சேரும். அந்த நெல் பொலன்னறுவை ஆலைக்குப் போய் அரிசியானால், குற்றியதால் கூடிய பெறுமதி வடமத்திய மாகாணத்துக்கு. கொழும்புக் கடையில் வேலை செய்யும் நம்மூர்ப் பிள்ளை உண்டாக்கும் பெறுமதி மேல் மாகாணத்துக்கு. கட்டாரில் உழைப்பவருடையது கட்டாருக்கு. அவர் அனுப்பும் காசில் ஊரில் எழும் வீட்டின் கட்டுமான வேலை கிழக்கில் பதிவாகும். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உற்பத்தியை விலை கொண்டு அளக்க வழியில்லை. செலவைக் கொண்டே அளக்கிறார்கள், அதில் பெரும்பகுதி சம்பளம். விரிவுரையாளர் ஒருவர் இந்த ஆண்டு எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் அந்த எண் அசையாது.

விலையும் கண்ணை ஏமாற்றும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதன் பின், நாட்டின் நெல் உற்பத்தி சுமார் 51 இலட்சம் தொன்னிலிருந்து 2022இல் 34 இலட்சம் தொன்னளவுக்கு விழுந்தது. நெல் விலையோ ஏறியது. நடப்பு விலையில் எழுதிய எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வெறும் களத்தின் வேதனை முழுதாகத் தெரியாது. நிலையான விலையில் கணித்த எண்ணையும் ஏக்கருக்குரிய விளைச்சலையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

மாகாண எண்கள் ஊர் ஊராக எண்ணிக் கூட்டியவையும் அல்ல. தேசிய மொத்தத்தைப் பொருத்தமான குறிகாட்டிகளைக் கொண்டு மாகாணங்களுக்குப் பங்கிட்டுத்தான் பெறுகிறார்கள். அப்படிக் கிடைத்த "கிழக்கு" என்ற ஒரே எண்ணுக்குள் திருகோணமலைத் துறைமுகமும் அங்குள்ள பெரிய மா ஆலையும் அட்டாளைச்சேனை வட்டையும் சேர்ந்தே இருக்கின்றன.