ஹில்லியார்ட் குழு

ஹில்லியார்ட் குழு என்பது 1974 முதல் 2014 வரை இயங்கிய பிரித்தானிய ஆண் பாடகர் குழுவாகும். ஐரோப்பாவின் இடைக்கால, மறுமலர்ச்சிக் கால இசையையும் சமகாலப் படைப்புகளையும் பெரும்பாலும் இசைக்கருவித் துணையின்றிப் பாடியதால் இக்குழு புகழ்பெற்றது.

தோற்றம்

பால் ஹில்லியர், டேவிட் ஜேம்ஸ், பால் எலியட், எரல் கர்டில்ஸ்டன் ஆகியோர் இக்குழுவைத் தொடங்கினர். முதலாம் எலிசபெத் காலத்துச் சிற்றோவியர் நிக்கலஸ் ஹில்லியார்டின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. 1990 அளவில் ஹில்லியர் விலகினார். நிறுவியவர்களுள் டேவிட் ஜேம்ஸ் மட்டுமே இறுதிவரை பாடினார்.

பாடும் முறை

பல்குரலிசையில் வெவ்வேறு மெட்டுகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். பெரிய பாடகர் குழுக்களில் ஒவ்வொரு மெட்டையும் பலர் சேர்ந்து பாடுவர். இக்குழுவில் பொதுவாக ஒரு மெட்டுக்கு ஒருவரே பாடினார், நடத்துநரும் இல்லை. எனவே சுருதி சற்று விலகினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

பியானோவில் பன்னிரு சுரங்களும் சம இடைவெளியில் அமைக்கப்படுவதால், ஐந்தாம் சுர இடைவெளி இயற்கையான 3:2 விகிதத்திலிருந்து சிறிது குறைகிறது. துணைக்கருவி இல்லாத குரல்கள் அவ்விகிதத்தைச் சரியாகவே பிடிக்க முடியும். இடைக்கால இசை இந்த இடைவெளியிலேயே பெரும்பாலும் வந்து நிலைகொள்கிறது. ஆகவே அதிர்வு குறைந்த, நேரான குரல் அதற்குப் பொருந்துகிறது.

பழைய ஏடுகள் சுரங்களைத் தருகின்றன. அவற்றைப் பாடிய குரலின் தன்மையைத் தருவதில்லை. அதனைப் பாடகரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

சமகாலப் படைப்புகள்

எசுத்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட், 1976 முதல் உருவாக்கிய பாணியில் ஒரு குரல் படிப்படியாக நகரும். மற்றொன்று முச்சுர அடுக்கின் சுரங்களில் மட்டும் நிற்கும். இந்த எளிய அமைப்பில் குரலின் பிழை எதுவும் மறையாது. பழைய இசையில் பயின்ற குரல்கள் இதற்கு இயல்பாகவே ஏற்றவையாயின. பேர்ட்டின் ‘பாசியோ’ 1988-இல் இக்குழுவின் பங்கேற்பில் இசைத்தட்டாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1200-ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் வாழ்ந்த பெரோத்தானின் படைப்புகள் வெளிவந்தன.

நோர்வே சாக்சபோன் கலைஞர் யான் கர்பாரெக்குடன் இணைந்து வெளியிட்ட ‘ஒஃபீசியும்’ (1994) பத்து இலட்சத்திற்கும் அதிகமான பிரதிகள் விற்றது. ஆஸ்திரியாவின் சாங்கட் கெரோல்ட் மடாலயத்தில் இது பதிவு செய்யப்பட்டது. எழுதப்பட்ட குரலிசைக்கு இடையே சாக்சபோன் மனோதர்மமாக ஒலிக்கிறது.

நிறைவு

40 ஆண்டுகளுக்குப் பின், 2014 டிசம்பர் 20 அன்று இலண்டன் விக்மோர் மண்டபத்தில் இக்குழு தன் இறுதி நிகழ்ச்சியை வழங்கியது.